ஒரு முடிச்சின் கணக்கு: இரும்பு, மாங்கனீசு, நுண்ணுயிர்

கடலடியிலும் ஏரியடியிலும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடு அடுக்கடுக்காகப் படிந்து உருவாகும் கட்டிதான் மாங்கனீசு முடிச்சு. அப்படி ஒன்றை உடைத்து உள்ளே பாக்டீரியா இருப்பதைக் காட்டிவிட்டால், அதைக் கட்டியதும் பாக்டீரியாதான் என்று ஆகிவிடாது. வீட்டில் குடியிருப்பவரெல்லாம் கொத்தனார் அல்ல. இந்தத் துறையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கும் வாதங்களில் பாதி, இந்த வித்தியாசத்தைக் கவனிக்காததால் வந்தவை.

பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பலான சேலஞ்சர் 1873-ல் கேனரித் தீவுகளுக்குத் தென்மேற்கே அட்லாண்டிக் அடித்தளத்திலிருந்து கறுத்த உருண்டைகளை வாரி எடுத்தபோதே, இவை எரிமலைத் துகள் சிதைந்து வந்தவையா, கடல்நீரிலிருந்து படிந்தவையா என்ற தகராறு தொடங்கிவிட்டது. உயிர்களுக்கு இதில் பங்கு உண்டா என்ற கேள்வி பிறகு சேர்ந்துகொண்டது. நுண்ணுயிரியலாளர் ஹென்றி எர்லிக் 1960-களில் ஆழ்கடல் முடிச்சுகளிலிருந்தே மாங்கனீசை ஆக்சிஜனேற்றும் (எலக்ட்ரானைப் பறித்து ஆக்சைடாக்கும்) பாக்டீரியாக்களையும், அதே ஆக்சைடை ஒடுக்கிக் (எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்து) கரைக்கும் பாக்டீரியாக்களையும் பிரித்தெடுத்தார். ஒரே உருண்டைக்குள் கட்டுபவரும் உண்டு, இடிப்பவரும் உண்டு. ஆகவே "நுண்ணுயிர் செய்ததா, இல்லையா" என்று கேட்பதில் பயனில்லை. எந்த உலோகம், எந்த நீர், எந்தப் படி என்று பிரித்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

இரும்புக்கும் மாங்கனீசுக்கும் ஒரே பதில் இல்லை

கரைந்த இரும்பு (2+, அதாவது இரண்டு எலக்ட்ரான் இழந்த அயனி) ஆக்சிஜன் உள்ள நீரில் தானாகவே துருவாகிவிடும். கடல்நீரின் காரத்தன்மையில், சாதாரண வெப்பநிலையில், பாதி இரும்பு போக ஓரிரு நிமிடங்களே ஆகும். நடுநிலையை ஒட்டிய நீரில் இந்த வேகம் ஹைட்ராக்சைடு அயனிச் செறிவின் இருமடியைப் பொறுத்தது. பிஎச் ஓர் அலகு குறைந்தால் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். இரும்பை உண்ணும் பாக்டீரியாக்கள் எங்கே வாழ்கின்றன என்பதற்கு இந்த ஒரு விதியே விளக்கம். முறுக்குக் கம்பி போன்ற காம்புகளை விடும் கேலியோனெல்லா, உறைக்குழாய்களை விட்டுச்செல்லும் லெப்டோத்ரிக்ஸ் ஓக்ரேசியா, ஹவாய் அருகே லோய்ஹி கடலடி எரிமலையில் கிடைத்த மரிப்ரோஃபண்டஸ் ஆகிய மூன்றும் ஆக்சிஜன் மிகக் குறைந்த எல்லையோரத்தில்தான் இருக்கும். அங்கேதான் தானாக நடக்கும் துருவேற்றத்தோடு அவற்றால் போட்டியிட முடியும். ஆக்சிஜன் நிறைந்த ஆழ்கடல் அடித்தளத்தில் இரும்பு ஆக்சைடு உருவாக நுண்ணுயிர் தேவையே இல்லை.

மாங்கனீசின் குணம் இதற்கு நேர்மாறு. ஆற்றல் கணக்கு ஆக்சிஜனேற்றத்துக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஆனால் கிருமி நீக்கிய, துகள் ஏதுமற்ற கரைசலில் பிஎச் 8-ஐ ஒட்டி மாங்கனீசு (2+) ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். அந்த நீரில் சரியான பாக்டீரியாவைப் போட்டால் ஓரிரு நாளில் பழுப்பாகிவிடும். வேக வித்தியாசம் ஒரு லட்சம் மடங்கு வரை போகும். ஆகவே ஒரு நீர்நிலையில் மாங்கனீசு ஆக்சைடு வேகமாக உருவாகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது உயிரைத்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆக்சைடின் முதல் துகள் உருவானபின், அதன் மேற்பரப்பே மாங்கனீசு (2+) அயனியைப் பிடித்துவைத்து ஆக்சிஜனேற்றத்தை ஊக்குவிக்கும். பால் தயிராக உறைமோர் ஒரு துளி போதும் என்பதுபோல, உயிர் தொடங்கிவைத்ததை வேதியியல் தொடர்ந்துகொள்ளும். பின்னாளில் கிடைக்கும் கனிமத்தைப் பார்த்து, எந்த அடுக்கு யாருடைய கைவேலை என்று சொல்வது கடினமாவது இதனால்தான்.

பாக்டீரியா என்ன செய்கிறது

நன்றாக ஆராயப்பட்டவை சில இனங்கள். எஸ்ஜி-1 என்ற கடல் பேசில்லஸ், சூடோமோனாஸ் புட்டிடா, லெப்டோத்ரிக்ஸ் டிஸ்கோஃபோரா ஆகிய மூன்றிலும் பல தாமிர அணுக்களைக் கொண்ட ஆக்சிடேஸ் வகை நொதிகள் இந்த வேலையோடு தொடர்புடையவை என்று தெரிந்திருக்கிறது. பேசில்லஸில் அதன் பெயர் எம்என்எக்ஸ்ஜி. இந்த நொதி மாங்கனீசை ஒரே தாவலில் 2-லிருந்து 4-க்குக் கொண்டுபோவதில்லை. எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக எடுக்கிறது, நடுவில் மாங்கனீசு (3+) உண்டாகிறது. வேறு சில பாக்டீரியாக்களில் ஹீம் வகைப் பெராக்சிடேஸ் நொதி இந்த வேலையைச் செய்கிறது. ரோசியோபாக்டர் வகைப் பாக்டீரியா ஒன்று, எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் வடிவமான சூப்பர்ஆக்சைடை வெளியே விட, அது மாங்கனீசை ஆக்சிஜனேற்றுகிறது. சில பூஞ்சைகளிலும் இதே வழி உண்டு. இந்த வழியில் ஒரு பொறி இருக்கிறது. சூப்பர்ஆக்சைடு வினையில் பிறக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, உருவான மாங்கனீசை மறுபடி ஒடுக்கிவிடும். அதை அகற்ற ஏதாவது இல்லையென்றால் ஆக்சைடு தங்காது.

எஸ்ஜி-1-ன் விசித்திரம் வேறு. அதில் ஆக்சிஜனேற்றம் செய்வது வளரும் செல் அல்ல, உறங்கும் வித்து. நொதி வித்தின் வெளியுறையில் உட்கார்ந்திருக்கிறது. வித்து முளைக்காமல், உண்ணாமல், மூச்சுவிடாமல் கிடந்தபடியே தன்மேல் மாங்கனீசு ஆக்சைடு பூசிக்கொள்கிறது. இதனால் அதற்கு என்ன லாபம் என்று கேட்டால் நச்சுக் காப்பு, புற ஊதாக் காப்பு, கெட்டியான கரிமத்தை உடைக்கும் கருவி என்று பல ஊகங்கள் வரும். எதுவும் முடிந்த முடிவல்ல.

மாங்கனீசை ஆக்சிஜனேற்றி அந்த ஆற்றலில் வாழும் உயிர் உண்டா என்ற கேள்வி ஒரு நூற்றாண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. 2020-ல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வு நிறுவனத்தில் ஹாங் யூவும் ஜாரெட் லெட்பெட்டரும் விடை தந்தார்கள். மாங்கனீசு கார்பனேட் பூசிய கண்ணாடிக் குடுவை ஒன்று குழாய்நீரில் மாதக்கணக்கில் ஊறியபோது கறுத்துப்போனது. அதைப் பின்தொடர்ந்ததில், ஆற்றலுக்கு மாங்கனீசையும் உடல் கட்ட கரியமில வாயுவையும் பயன்படுத்தும் ஒரு கூட்டு வளர்ப்பு கிடைத்தது. அதன் முக்கிய உறுப்பினருக்கு மாங்கனிட்ரோஃபஸ் நோடுலிஃபார்மன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். வளரும்போது அது மிகச் சிறிய ஆக்சைடு முடிச்சுகளை உண்டாக்குகிறது, பெயரின் பின்பாதி அதைத்தான் சொல்கிறது. ஆழ்கடல் முடிச்சை இதுதான் கட்டியது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. "அப்படி ஓர் உயிர் இருக்கவே முடியாது" என்ற பழைய மறுப்பு மட்டும் இனி செல்லாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஆழ்கடல் முடிச்சு பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். 5 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர செ.மீ. பரப்பில் ஓராண்டில் சேர்வது ஒரு கன செ.மீ.-ல் இருபது லட்சத்தில் ஒரு பங்கு. உலர்ந்த அடர்த்தி கன செ.மீ.-க்கு 1.4 கிராம், அதில் மாங்கனீசு 28 சதவீதம் என்று வைத்தால், ஆண்டுக்கு சுமார் 0.2 மைக்ரோகிராம் மாங்கனீசு. நாளுக்கு ஏறத்தாழ 10 பிக்கோமோல் (ஒரு பிக்கோமோல் என்பது மோலின் லட்சம் கோடியில் ஒரு பங்கு).

ஆய்வகத்தில், ஒரு மில்லிலிட்டருக்கு 10 கோடி செல்கள் உள்ள வளர்ப்பு லிட்டருக்கு 100 மைக்ரோமோல் மாங்கனீசை ஒரு நாளில் முடிக்கிறது என்று வைப்போம். அப்படியானால் ஒரு செல்லின் பங்கு நாளுக்கு ஒரு ஃபெம்டோமோல், அதாவது பிக்கோமோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் ஒரு சதுர செ.மீ. முடிச்சுக்கு 10,000 செல்கள் போதும். பாக்டீரியா உலகில் 10,000 என்பது ஒன்றுமே இல்லை. இந்த இடத்தில் கணக்கை நிறுத்துபவர்கள் "முடிச்சு முழுவதும் உயிர்வேலை" என்று எழுதிவிடுகிறார்கள்.

நிறுத்தக் கூடாது. ஆழ்கடல் நீரில் கரைந்த மாங்கனீசு லிட்டருக்கு 100 மைக்ரோமோல் அல்ல, 0.2 நானோமோல் அளவு. ஐந்து லட்சம் மடங்கு குறைவு. நொதி பாதி வேகத்தை எட்டும் செறிவை 10 மைக்ரோமோல் என்று கொண்டால், 0.2 நானோமோலில் அதன் வேகம் உச்சத்தின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. தேவைப்படும் செல்கள் 10,000-லிருந்து 50 கோடியாக எகிறுகின்றன. ஒரு பாக்டீரியா ஒரு சதுர மைக்ரோமீட்டர் இடம் பிடிக்கும் என்றால், ஒரு சதுர செ.மீ.-ல் நெருக்கி அடுக்கினாலும் 10 கோடிதான் கொள்ளும். ஐந்து அடுக்குப் பாக்டீரியா வேண்டும். அப்படி எந்த முடிச்சின்மேலும் கிடையாது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ஆழ்கடல் முடிச்சின் மேற்பரப்பில் உட்கார்ந்து கடல்நீரிலிருந்து நேராக மாங்கனீசைப் பிடிக்கும் பாக்டீரியா மட்டுமே போதும் என்பது கணக்குக்குள் அடங்கவில்லை. ஆழ்கடல் இனங்களின் நொதி இன்னும் கூர்மையானதாக இருக்கலாம், துளைகளுக்குள் செறிவு கூடலாம். ஆனாலும் சுமையின் பெரும்பகுதியை வேறு ஏதோ தாங்குகிறது. ஏற்கெனவே ஆக்சைடாகிவிட்ட நுண்துகள்கள் வந்து ஒட்டுவது ஒன்று, மேற்பரப்பின் சொந்த ஊக்குவிப்பு இன்னொன்று. அந்த நுண்துகள்கள் எங்கே பிறந்தன என்று கேட்டால் மறுபடி நுண்ணுயிரிடம் வந்து நிற்போம். கடலடி வெந்நீர் ஊற்றுகளின் புகைமண்டலத்தில், இரும்பும் மாங்கனீசும் பூசிய உறையுடன் பாக்டீரியாக்கள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. முடிச்சின்மேல் நடக்காத வேலை, தொலைவில் நீரில் நடந்து முடிந்திருக்கலாம்.

ஏரியிலும் ஆழமற்ற கடலிலும் கணக்கே மாறிவிடும். பால்டிக் கடலில் சேற்றுத் துளைநீரில் (சேற்றுத் துகள்களின் இடுக்குகளில் நிற்கும் நீரில்) மாங்கனீசு பத்து, நூறு மைக்ரோமோல் அளவில் இருக்கும். அங்கே கட்டிகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு என்ற அளவில் வளர்கின்றன. ஆழ்கடலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகம். 10,000 செல் கணக்கை அந்த மடங்கால் பெருக்கினாலும் பாக்டீரியாவுக்குத் தாங்கக்கூடிய எண்ணிக்கைதான் வருகிறது. நுண்ணுயிர்க் கோட்பாட்டுக்கு நாம் தயங்காமல் கையெழுத்துப் போடக்கூடிய இடம் இதுதான்.

இடிப்பவர்கள் இல்லாமல் கட்டடம் இல்லை

நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா ஏரி இரண்டு காரணங்களால் பெயர் பெற்றது. அதன் அடியில் தட்டு போன்ற தட்டையான இரும்பு-மாங்கனீசு முடிச்சுகள் கிடக்கின்றன. அதே ஏரிச் சேற்றிலிருந்து சார்லஸ் மையர்ஸும் கென்னத் நீல்சனும் 1988-ல் அறிவித்த பாக்டீரியா, மாங்கனீசு ஆக்சைடை ஆக்சிஜனுக்குப் பதிலாக 'மூச்சுவிடும்' இனம். இன்று அதன் பெயர் ஷெவனெல்லா ஒனைடென்சிஸ் எம்ஆர்-1. எம்ஆர் என்பது மாங்கனீசு ஒடுக்கி என்பதன் சுருக்கம். திடப்பொருளை விழுங்க முடியாது என்பதால் அது எலக்ட்ரான்களை வெளிச்சவ்வில் உள்ள சைட்டோகுரோம் என்ற புரதங்கள் வழியே வெளியே தள்ளுகிறது. ஃபிளேவின் மூலக்கூறுகளைத் தூதராகவும் அனுப்புகிறது.

இவர்களை வில்லன்களாக நினைப்பது தவறு. சேற்றுக்குள் புதைந்த ஆக்சைடை இவர்கள் கரைக்காவிட்டால் துளைநீரில் மாங்கனீசு (2+) ஏது? அது மேலே ஊறி வந்து, ஆக்சிஜன் தொடும் எல்லையில் மறுபடி படிகிறது. ஒரே மாங்கனீசு அணு புதைவதற்கு முன் பலமுறை இப்படி ஏறி இறங்கும். இரும்பும் மாங்கனீசும் தனித்தனி வளையங்களாகப் பிரிவதற்கும் இந்தச் சுழற்சிதான் முக்கியக் காரணம். மேலே ஏறும் நீரில் இரும்பு முதலில் ஆக்சிஜனேறிப் படிந்துவிடும், மாங்கனீசு இன்னும் கொஞ்சம் தூரம் போகும். கரிமம் அதிகம் விழும் பருவத்தில் அந்த எல்லை மேலே வரும், குறையும்போது கீழே இறங்கும். எல்லை முடிச்சைத் தாண்டி மேலே போய்விட்டால் முடிச்சே கரையத் தொடங்கும்.

பசிபிக்கின் கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதி முடிச்சு ஒன்றை டிஎன்ஏ மூலம் ஆராய்ந்தபோதும், ஷெவனெல்லா, கோல்வெல்லியா வகைகள் உள்ளே கணிசமாக இருந்தன. வேறு ஆய்வுகளில் அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் ஆர்க்கியாக்கள் (பாக்டீரியா அல்லாத தனிவகை நுண்ணுயிர்கள்) முன்னே நின்றன. பட்டியலைப் படித்துவிட்டு "இதோ கட்டியவர்" என்று விரல் நீட்ட இடமில்லை. பட்டியலில் இருப்பவர்கள் இன்றைய குடித்தனக்காரர்கள். உள் அடுக்கு உருவாகிப் பல லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன, துளைகள் வழியே யார் வேண்டுமானாலும் உள்ளே வந்திருக்கலாம்.

சோதனை செய்பவருக்கு

ஒரு மாதிரியில் மாங்கனீசு ஆக்சிஜனேற்றிகள் உண்டா என்று பார்க்க எளிய ஊடகம் போதும். கடல்நீர் 750 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 250 மி.லி., பெப்டோன் 2 கிராம், ஈஸ்ட் சாறு அரை கிராம், பிஎச்-ஐ நிலையாக வைக்கும் ஹெப்பிஸ் தாங்கல் 20 மில்லிமோல், பிஎச் 7.5. மாங்கனீசு குளோரைடைத் தனியே 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் கிருமி நீக்கி, ஊடகம் ஆறியபின் 100 மைக்ரோமோல் வரும்படி சேர்க்க வேண்டும். சேர்த்தே ஆட்டோகிளேவில் வைத்தால் பாஸ்பேட்டோடும் கார்பனேட்டோடும் சேர்ந்து வெண்மையாகப் படிந்துவிடும். பிறகு எதை அளந்தாலும் பொய்தான்.

தாங்கலை விட்டுவிடும் ஆசை வரும், வேண்டாம். பெப்டோனைத் தின்னும் பாக்டீரியா அம்மோனியாவை விட, பிஎச் 9 வரை ஏறும். அந்தக் காரத்தில் மாங்கனீசு உயிரில்லாமலே பழுப்பாகும். வளர்ப்புத் தட்டில் பழுப்பு நிறப் பாக்டீரியாக் கூட்டத்தைப் பார்த்துப் புது ஆக்சிஜனேற்றி என்று கொண்டாடும் முன், அந்த இடத்தின் பிஎச்-ஐத் தொட்டுப் பாருங்கள். பெப்டோன் அளவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தும் பழுப்பு வந்தால் நம்பிக்கை கூடும்.

பழுப்பு நிறம் மட்டும் சான்றாகாது. இரும்பும் பழுப்பு, பல நிறமிகளும் பழுப்பு. லியூக்கோபெர்பெலின் நீலம் என்ற சாயம்தான் நடுவர். 45 மில்லிமோல் அசிட்டிக் அமிலத்தில் 0.04 சதவீதம் கரைத்து, ஒரு பங்கு மாதிரிக்கு ஐந்து பங்கு சாயம், இருட்டில் 15 நிமிடம், பிறகு 620 நானோமீட்டரில் அளவு. இரும்பு ஆக்சைடு இதை நீலமாக்காது. அளவுகோலுக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் பயன்படுத்தும்போது பலர் சறுக்குவார்கள். பெர்மாங்கனேட் ஐந்து எலக்ட்ரான் வாங்கும், மாங்கனீசு டைஆக்சைடு இரண்டுதான். ஆகவே 40 மைக்ரோமோல் பெர்மாங்கனேட் 100 மைக்ரோமோல் டைஆக்சைடுக்குச் சமம். இதை மறந்தால் விடை இரண்டரை மடங்கு பிசகும். மாங்கனீசு (3+) பாதி நிறம்தான் தரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நீலம் வராததாலேயே ஆக்சிஜனேற்றம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இரும்புச்சத்துக் குறைந்த ஊடகத்தில் சூடோமோனாஸ் புட்டிடா பையோவெர்டின் என்ற இரும்புப் பிடிப்பானை வெளியிடும். அது மாங்கனீசு (3+) அயனியை இறுகப் பிடித்துக் கரைசலிலேயே வைத்துக்கொள்ளும், துகள் விழாது. கொஞ்சம் இரும்பு சேர்த்ததும் பழுப்பு வரும்.

மிகப் பெரிய குழப்பம் ஒப்பீட்டுக் குடுவையில். அசைடு என்ற நச்சைப் போட்டுக் 'கொன்ற' குடுவையில் பழுப்பு வரவில்லை என்றால் உயிர்தான் காரணம் என்று எழுதுவது வழக்கம். அசைடு மூச்சை மட்டும் நிறுத்துவதில்லை, தாமிர நொதியின் தாமிரத்தையும் நேராகப் பிடிக்கும். உயிரோடு இருப்பது தேவையா, நொதி இருந்தால் போதுமா என்பதை அது பிரித்துக் காட்டாது. எஸ்ஜி-1 வித்துகளை நினைத்தாலே இது புரியும். வெப்பத்தால் கொன்ற குடுவையிலோ, உடைந்த செல்களிலிருந்து கசியும் கரிமம், ஏற்கெனவே உள்ள ஆக்சைடையும் ஒடுக்கிவிடலாம். அசைடு, வெப்பம், 0.2 மைக்ரோமீட்டரில் வடிகட்டியது, பாக்டீரியாவே இல்லாமல் கொஞ்சம் ஆக்சைடு மட்டும் போட்டது என்று நான்கும் வேண்டும். நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மேற்பரப்பின் பங்கு எவ்வளவு என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

முடிச்சையே ஆராய்வதென்றால் மாதிரி எடுப்பதிலேயே பாதி வெற்றி. வாரிவலையில் உருண்டு வந்தது நுண்ணுயிர் ஆய்வுக்கு உதவாது. பெட்டி அகழியில் (அடித்தளத்தைப் பெட்டியாக வெட்டியெடுக்கும் கருவியில்) சேற்றோடு அசையாமல் வந்ததை எடுத்து, வடிகட்டிய குளிர்ந்த கடல்நீரில் அலசி, வெளிப்புறத்தின் ஓரிரு மில்லிமீட்டரைத் தனியாகச் சுரண்டி வைத்து, பிறகே உடைக்க வேண்டும். டிஎன்ஏ எடுப்பது அடுத்த தலைவலி. அதன் பாஸ்பேட் முதுகெலும்பை மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள் பிடித்துக்கொண்டு விடமாட்டா. பாஸ்பேட் தாங்கலை நிறையச் சேர்த்து ஆக்சைடின் பிடிமானங்களை முன்கூட்டியே நிரப்பிவிட்டால் கொஞ்சம் தேறும். கூடவே வரும் உலோகம், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும் என்பதால் பத்து மடங்கு நீர்த்தும் ஓட்டிப் பார்க்க வேண்டும். செல்கள் இவ்வளவு குறைந்த பொருளில், மாதிரியே போடாத வெற்றுக் குழாய் ஒன்றும் கூடவே போகாவிட்டால், வேதிப்பொருள் புட்டியிலிருந்த பாக்டீரியா ஆழ்கடல் பாக்டீரியாவாகிவிடும்.

கனிமத்துக்கு வேண்டிய துண்டை உலர்த்தாதீர்கள். 10 ஆங்ஸ்ட்ராம் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்) இடைவெளி உள்ள பியூசரைட் என்ற மாங்கனீசு ஆக்சைடு கனிமத்தின் அடுக்குகள் நீரை இழந்தால் 7 ஆங்ஸ்ட்ராமாகச் சுருங்கி பிர்னசைட் என்ற வேறு கனிமமாகிவிடும். அடுக்குக்குப் பதில் சுரங்க வடிவக் கட்டமைப்பு கொண்ட டோடோரோகைட் கனிமம் அப்படிச் சுருங்காது. ஈரமாக ஒருமுறை, 105 டிகிரியில் உலர்த்தி ஒருமுறை என்று எக்ஸ்-கதிர் ஓட்டினால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். எக்ஸ்-கதிர்க் கருவியில் தாமிரக் குழல் பயன்படுத்தினால் முடிச்சிலுள்ள இரும்பு தானே ஒளிர்ந்து மங்கலான உச்சங்களை மூழ்கடிக்கும். ஆற்றலைப் பிரித்தறியும் உணர்கருவி இல்லாமல் இறங்க வேண்டாம்.

புதிதாக உயிர் உண்டாக்கும் ஆக்சைடு பெரும்பாலும் சில அடுக்குகளே கொண்ட நுண்தகடு. அணு இருக்க வேண்டிய இடங்களில் நிறையக் காலிகள். அந்தக் காலிகளில்தான் நிக்கலும் தாமிரமும் உட்காருகின்றன, கோபால்ட்டோ ஆக்சிஜனேறியே பூட்டிக்கொள்கிறது. முடிச்சுக்கு இன்று இருக்கும் சந்தை மதிப்புக்குக் காரணம் இந்தக் காலிகள். ஆனால் அதே தகடு காலப்போக்கில் மக்னீசியத்தை ஏற்று டோடோரோகைட்டாக மறுபடிகமாகும்போது, முதலில் அதை யார் உண்டாக்கினார் என்ற தடயமும் அழிந்துபோகிறது. மின்நுண்ணோக்கியில் தெரியும் குச்சி வடிவங்களை மட்டும் நம்பி வழக்காடுபவர்களிடம், அந்தக் குச்சியில் நைட்ரஜனும் பாஸ்பரசும் அளந்தீர்களா என்று கேளுங்கள். ஆக்சைடும் குச்சியாக வளரத் தெரிந்ததுதான்.